நின்றுபோன பாசஞ்சர் ரயிலைத் திரும்பக் கேட்கும் முறை: குமரி மாவட்டப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

குறைக்கப்பட்ட பாசஞ்சர் ரயில்களையும் சிறிய நிலையங்களின் நிறுத்தங்களையும் மீட்க ஒரு சட்டமே கொண்டுவர வேண்டும் என்று சொல்பவர்கள் குமரி மாவட்டத்தில் உண்டு. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் கையில் எடுக்க நினைக்கும் கருவி இந்த வேலைக்குப் பொருந்தாது. எந்தக் கோரிக்கையை எவரிடம், எந்த வடிவில், எவ்வளவு செலவு என்ற கணக்கோடு வைப்பது என்பதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. சட்டத்தின் இடம் எது என்பதும் இதில் வரும். ஆனால் அது கடைசியில்தான் வரும்.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ரயில்வே ஒன்றியப் பட்டியலின் 22-ஆம் இனமாக இருப்பதால், தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு ரயிலை ஓட்டச் சொல்லிச் சட்டம் இயற்ற முடியாது. தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் போன்ற மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே அன்றாடப் பயணிகளுக்கான ரயிலுக்கு மாநில அரசே பணம் கொடுப்பதால், குறைக்கப்பட்ட சேவையை மீட்க மாநிலச் சட்டமன்றத்திலேயே மசோதா கொண்டுவர முடிகிறது. செய்தியில் அதைப் படித்துவிட்டு நாகர்கோவில் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுத்தால், மனு அன்போடு வாங்கிக்கொள்ளப்படும், ரயில் வராது.

நாடாளுமன்றம் இயற்றிய 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தைப் புரட்டினாலும் ஒரு தடத்தில் தினமும் எத்தனை ரயில் ஓட வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பாதுகாப்புக் காரணத்தால் ஒரு பாதையை மூடுவதும் மீண்டும் திறப்பதும் 25, 26-ஆம் பிரிவுகளில் உள்ளன. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் 30-ஆம் பிரிவில் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. ரயில்வே கட்டணத் தீர்ப்பாயத்துக்குப் (2017-இல் அது ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது) போகலாமா என்று கேட்பவர்கள் 37-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். பயணிகள் கட்டணத்தை அது தீர்ப்பாயத்தின் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. ரயில்களின் எண்ணிக்கை, நேரம், நிறுத்தம் ஆகிய மூன்றும் நிர்வாக உத்தரவால் நடப்பவை.

இதற்கு நம் கண்முன் நடந்ததே சான்று. 2020 மார்ச்சில் ஊரடங்கால் நாடு முழுவதும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பின்னர் அவை படிப்படியாக ஓடத் தொடங்கியபோது, பாசஞ்சர் ரயில்கள் பல சிறப்பு விரைவு ரயில் என்ற பெயரில் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணோடு வந்தன. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரி இறுதியில் அந்தக் கட்டணம் மறுபடியும் 10 ரூபாய்க்கு இறங்கியது. ஏற்றியபோதும் இறக்கியபோதும் எந்த அவையிலும் மசோதா வரவில்லை. ஆகவே உத்தரவால் போனதை உத்தரவால் திரும்பப் பெறுவதே குறுகிய வழி. நாடாளுமன்றம் அந்த உத்தரவைப் போட வைக்கும் அழுத்தமாகப் பயன்பட வேண்டும்.

ஒரு கோரிக்கை, ஒரு ரயில்

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து கொடுத்த மனுவில் பதினொரு கோரிக்கைகள் இருந்தன. காலைப் பாசஞ்சர் ரயிலில் தொடங்கி, வடநாட்டுக்குப் புதிய ரயில், நடைமேடைக் கூரை, குடிநீர்க் குழாய், நிலையத்தின் பெயர்ப் பலகை வரை எதையும் விடவில்லை. நான்கு மாதம் கழித்து, கோரிக்கைகள் குறித்துக்கொள்ளப்பட்டன என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதினொன்றுக்கும் சேர்த்து ஒரு வரி. தவறு எங்களுடையதுதான், எந்த அதிகாரியின் மேசைக்கும் முழுமையாகப் பொருந்தாத மனு அது.

எனவே உங்கள் கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "2020 மார்ச்சுக்கு முன் இந்த எண்ணுள்ள பாசஞ்சர் ரயில் இந்த நேரத்தில் எங்கள் நிலையத்தில் நின்றது, இப்போது நிற்பதில்லை, மீண்டும் நிற்க வேண்டும்" என்ற அளவில் அது இருந்தால் போதும். இதற்குப் பழைய கால அட்டவணை வேண்டும். பழைய அட்டவணைப் புத்தகம், நிலையச் சுவரில் எழுதப்பட்டிருந்த நேரத்தின் புகைப்படம், பழைய சீசன் டிக்கெட், அன்றைய நாளிதழில் வந்த ரயில் நேரப் பட்டியல் என எதுவும் சான்றாகும். அதன் அருகில் இன்றைய அட்டவணையை வைத்து, நாகர்கோவில் டவுன், வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, குழித்துறை, குழித்துறை மேற்கு என்று நிலையம் நிலையமாக ஒப்பிட்டு எழுதுங்கள். கிழக்கே சுசீந்திரம், தோவாளை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டாம். திருவனந்தபுரம் பக்கம் பேசப்படும் அளவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979 ஏப்ரலில்தான். நாகர்கோவில்–திருநெல்வேலி இணைப்பு 1981 ஏப்ரலில் வந்தது. மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், திருவனந்தபுரத்தின் மருத்துவக் கல்லூரிக்கும் புற்றுநோய் மையத்துக்கும் வேலைக்கும் படிப்புக்கும் தினமும் மேற்கே போகும் கூட்டம் குறையவில்லை. மாவட்டத்தின் ரயில் பாதை முழுவதும் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது. மனுவின் முகவரி இதனால் முக்கியமாகிறது. பக்கத்துக் கோட்டமான மதுரைக்கு எழுதினால், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மாதம் கழிந்துவிடும்.

தகவலைக் கேட்டு வாங்குதல்

ரயில் ஏன் குறைந்தது என்பதை நாமாக ஊகிக்கக் கூடாது. பயணிகள் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இரட்டைப் பாதைப் பணிக்காகப் பாதை அடைக்கப்பட்டிருப்பது, ஒற்றைப் பாதையில் எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட (கிராசிங்) இடமின்மை, ஓட்டுநர் பற்றாக்குறை, நாகர்கோவிலில் ரயிலை நிறுத்திப் பராமரிக்கத் தடம் போதாமை ஆகியவற்றில் எது காரணம் என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். பாதைப்பணி காரணமென்றால், பணி முடியும் தேதியைக் கேட்பதே கோரிக்கையாகும்.

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்புங்கள்; இணையம் வழியாகவும் அனுப்பலாம். தமிழில் எழுத உரிமை உண்டு என்றாலும், உடன் ஆங்கிலப் படி ஒன்றை இணைத்துவிட்டால் மொழிபெயர்ப்புக்குப் போகும் நாட்கள் மிச்சமாகும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. "ஏன்" என்று கேட்டால் தகவல் என்ற வரையறையில் வராது என்று திருப்பிவிடுவார்கள், ஆவணத்தைக் கேளுங்கள். நிறுத்தத்தை நீக்கிய உத்தரவின் நகல், 2019-20 தொடங்கி இன்று வரை அந்த நிலையத்தில் ஆண்டுவாரியாக விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கையும் வருவாயும், நடப்பில் உள்ள சீசன் டிக்கெட்டுகளின் எண்ணிக்கை, அந்த ரயிலின் பெட்டித் தொடர் ஒரு நாளில் எந்தெந்த ரயிலாக ஓடுகிறது என்ற இணைப்பு அட்டவணை ஆகிய நான்கும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

நான்காவதாகச் சொன்னதைப் பலர் கேட்பதில்லை. அதுவே மிகப் பயனுள்ளது. ஒரு பெட்டித் தொடர் காலையில் நாகர்கோவிலுக்கு வந்து பிற்பகல் வரை வெறுமனே நிற்கிறது என்று தெரிந்தால், புதிய ரயில் கேட்க வேண்டியதில்லை. நிற்கும் ரயிலை ஓட்டச் சொல்லலாம்.

செலவுக் கணக்கு

கோரிக்கையோடு செலவுக் கணக்கையும் வைக்கும் பயணிகள் மிகக் குறைவு. "அது அவர்கள் வேலை" என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் போடும் கணக்கு எப்போதும் ஒரே கணக்காக இருக்கும். 2022-23-ஆம் ஆண்டில் பயணிகளுக்கு 56,993 கோடி ரூபாய் சலுகை தரப்பட்டது, 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், அதாவது ஒவ்வொரு பயணிக்கும் 46 சதவீதம் தள்ளுபடி என்பது ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன விவரம். அதைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. அது நாடு முழுவதற்கும் எல்லா வகை ரயில்களுக்கும் சேர்த்துப் பார்த்த சராசரி; பாதை, ஓய்வூதியம், அலுவலகம் என்று ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவுகளும் அதில் பங்கு பிரித்து ஏற்றப்பட்டிருக்கின்றன. நாம் கேட்க வேண்டியது வேறொரு கேள்வி: இந்த ஒரு ரயில் கூடுதலாக ஓடினால், இந்த ஒரு நிறுத்தம் கூடுதலாக வந்தால், இன்று ஆகும் செலவுக்கு மேல் எவ்வளவு ஆகும்?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 71 கிலோமீட்டர். ஒரு ரயில் போய்த் திரும்பினால் நாளொன்றுக்கு 142 ரயில் கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் ஓடினால் 51,830. ஆண்டுக்கு 300 நாள் மட்டும் ஓடினால் 42,600. இந்த எண்ணை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மின்சாரம், ஓட்டுநர் மற்றும் ரயில் மேலாளரின் கூடுதல் பணி நேரம், பெட்டிப் பராமரிப்பு என மூன்று தலைப்புகளில் ஒரு ரயில் கிலோமீட்டருக்கு ஆகும் செலவைத் தகவல் உரிமை விண்ணப்பத்தில் கேட்டுப் பெருக்கிக்கொள்ளலாம். பெட்டித் தொடர் ஏற்கெனவே இருந்து சும்மா நிற்கிறதென்றால், அதன் விலையையும் தேய்மானத்தையும் நம் ரயிலின் தலையில் கட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் வாதிடுங்கள்.

நிறுத்தம் மட்டும் கேட்பவர்களின் கணக்கு இதைவிட எளிது. ஓடிக்கொண்டிருக்கும் ரயில் வேகம் குறைத்து நின்று மறுபடி வேகம் பிடிக்க ஆகும் மின்சாரமும், இழக்கும் சில நிமிடங்களும்தான் செலவு. இப்போதைய மூன்று கட்ட மின்மோட்டார் கொண்ட மெமு என்னும் குறுந்தூர மின்சார ரயில்கள் தடை பிடிக்கும்போது மின்சாரத்தில் ஒரு பகுதியை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹால்ட் எனப்படும் மிகச் சிறிய நிலையங்களில் டிக்கெட் கொடுப்பவர் பெரும்பாலும் கமிஷனுக்கு வேலை செய்யும் முகவர் என்பதால், நிலையச் செலவும் பெரிதாக வராது.

வருவாய்ப் பக்கத்தில் நேர்மையாக இருங்கள். புதிதாக 200 பேர் தினமும் குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாயில் ஏறினால், 300 நாளில் 6 லட்சம் ரூபாய். ஒரு முழு ரயிலின் செலவை இது ஈடுகட்டாது. ஒரு நிறுத்தத்துக்கு இது கௌரவமான வருவாய். சீசன் டிக்கெட்காரர்கள் இன்னும் குறைவாகவே தருவார்கள். 2025 ஜூலை 1 முதல் பல வகுப்புகளின் கட்டணம் உயர்ந்தபோதும் சீசன் டிக்கெட் உயரவில்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், முதலில் நிறுத்தத்தையும், அடுத்து நேர மாற்றத்தையும், பிறகு இருக்கும் ரயிலின் நீட்டிப்பையும், எல்லாவற்றுக்கும் கடைசியில் புதிய ரயிலையும் கேட்க வேண்டும் என்ற வரிசை எனக்கு விளங்கியது. கூட்டத்தில் கைதட்டு வாங்குவது இதற்கு நேர்மாறான வரிசை.

பணத்துக்கு வேறு வழி உண்டா என்றும் கேட்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அது நிலைத்து நிற்கும் சொத்துக்கானது. நடைமேடையை உயர்த்தவோ கூரை போடவோ கேட்கலாம். ரயில் ஓட்டும் அன்றாடச் செலவுக்குக் கேட்க முடியாது. மாநில அரசு பங்களிப்பது புதிதன்று; சென்னையில் வேளச்சேரி வரையிலான பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்தின் பணம். ஆனால் அதுவும் கட்டுமானச் செலவுதான். நம் மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களிடம் எதையாவது கேட்பதென்றால், நிலையத்துக்கு இணைப்புப் பேருந்தைக் கேளுங்கள். அது அவர்களால் முடிகிற காரியம்.

மனு போகும் பாதை

கணக்கும் சான்றும் கையில் வந்தபின், முதல் மனு கோட்ட ரயில்வே மேலாளருக்கு. நகல் சென்னையில் உள்ள தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு. கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் நம் மாவட்டத்தைச் சேர்ந்த உறுப்பினர் யார் என்பதை அறிந்து, கூட்டத்தின் பொருள்நிரலில் உங்கள் ஒற்றைக் கோரிக்கையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் கூட்டக் குறிப்பில் வராது. 2025-இல் புதிய கால அட்டவணை ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைக்கான கலந்தாய்வு அதற்குப் பல மாதங்கள் முன்பே நடந்துவிடுவதால், டிசம்பரில் மனு கொடுப்பது அறுவடைக்குப் பின் நாற்று நடுவது போலத்தான்.

நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் சற்று நிதானியுங்கள். கேரளத்தின் திரூரில் வந்தே பாரத் ரயிலுக்கு நிறுத்தம் கோரிய மனுவை 2023-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ரயில் எங்கே நிற்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் முடிவு என்பதே அதன் நிலை.

நாடாளுமன்றத்தைப் பயன்படுத்துதல்

உறுப்பினரிடம் மனுவைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். கேள்வியை எழுதியே கொடுங்கள். மக்களவையில் ஒரு கேள்வி பொதுவாக 150 சொற்களுக்கு மேற்படக் கூடாது. குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளில் வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகளும் எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகளும் எடுக்கப்படுகின்றன. நமக்கு வேண்டியது எழுத்துப் பதில். எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி தடத்தில் 2020 மார்ச்சுக்கு முன் ஓடிய பாசஞ்சர் ரயில்களும் நிறுத்தங்களும் எவை, இன்று உள்ளவை எவை, குறைத்ததற்குக் காரணம் என்ன, மீட்க ஆகும் கூடுதல் ஆண்டுச் செலவு எவ்வளவு, எப்போது மீட்கப்படும் என்று ஐந்து உறுப்பாகக் கேட்கலாம். பதிலில் "பரிசீலனையில் உள்ளது" போன்ற சொல் வந்தால், ஏமாற்றமடைய வேண்டாம். அது அவையில் தந்த உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டால், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு அமைச்சகத்துக்கு வந்துவிடும். அரசு உறுதிமொழிக் குழு அதைத் தொடர்ந்து கேட்கும்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. அதே ரயிலில் அதே பெட்டியில் ஏறுபவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்பதால், இரு தொகுதி உறுப்பினர்களும் ஒரே வாசகத்தில் எழுதினால் இது ஒரு மாநிலத்தின் குறை என்று ஒதுக்க முடியாது. பொது மேலாளர் கோட்டவாரியாக நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் கூட்டத்திலும் இது வைக்கப்பட வேண்டும். பொதுப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் மக்களவையின் 377-ஆம் விதியின் கீழ் எழுப்புவது, மார்ச் மாதத்தில் ரயில்வே மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவது ஆகியவை அடுத்த வாய்ப்புகள். மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு நீங்களே மனு எழுதலாம். ஒரு உறுப்பினர் அதில் மேலொப்பமிட்டு முன்வைக்க வேண்டும், தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும்.

இனி மசோதா. தனிநபர் மசோதாவை அமைச்சரல்லாத எந்த உறுப்பினரும் ஒரு மாத முன்னறிவிப்போடு கொண்டுவரலாம். இத்தகைய மசோதாக்களை மக்களவை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துக்கொள்ளும். இதுவரை சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். நிதி ஒதுக்கீடு தேவைப்படும் மசோதா என்றால் நிதிக் குறிப்பு இணைக்க வேண்டும். அரசியலமைப்பின் 117(3)-ஆம் கூறுப்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரையின்றி அதை நிறைவேற்ற முடியாது. "இத்தனை ரயில் ஓட்டுக" என்று எழுதும் மசோதா இந்த வாசலிலேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக, அன்றாடப் பயணிகளுக்கான ரயிலையோ நிறுத்தத்தையோ 90 நாளுக்கு மேல் விலக்குவதற்கு முன் நிலையத்தில் அறிவிப்பு ஒட்டி, காரணத்தையும் மிச்சமாகும் தொகையையும் வெளியிட்டு, ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கக் கேட்டால், செலவு ஏறத்தாழ இல்லை. மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியவர் அமைச்சராகிவிடுவார். மசோதா தோற்கலாம். விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் தரும் பதில் அவைக்குறிப்பில் நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு உத்தரவு வந்தால், அது பெரும்பாலும் ஆறு மாத சோதனை நிறுத்தமாகவே வரும். பலர் தவறவிடும் இடம் இதுதான். சோதனைக் காலத்தில் கணக்கில் வருவது அந்த நிலையத்தின் பெயரில் விற்ற டிக்கெட் மட்டுமே. பள்ளியாடியில் ஏறுபவர் பழக்கத்தால் இரணியலிலிருந்து சீசன் எடுத்து வைத்திருந்தால், அவர் தினமும் பயணம் செய்தும் பள்ளியாடியின் ஏட்டில் இல்லாதவராகிறார். ஆகவே முதல் நாள் ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்பதற்கு முன், தினமும் ஏறும் ஒவ்வொருவரின் சீசன் டிக்கெட்டிலும் புறப்படும் நிலையமாக எது எழுதியிருக்கிறது என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். ஐந்தாம் மாதம் பிறந்ததும் விற்பனை எண்ணிக்கைக்கு மறுபடியும் 10 ரூபாய் விண்ணப்பம் ஒன்றை அனுப்பிவையுங்கள்.